ஆட்டைக்கு வாறியாம்மா?

கத்திரி வெயில் ஆரம்பிச்ச ரெண்டாவது நாள். ஆபீஸ் ஏசியில உட்கார்ந்துக்கிட்டு எடிட்டர் சார் கேட்டார். "ஏம்ப்பா, சின்னப் பசங்களுக்கு நீச்சல், கீபோர்டு, அபாகஸ்னு தெருவுக்கு நாலு சம்மர் கேம்ப் போர்டு தொங்குது. உன்னை மாதிரி தடிப்பசங்களுக்கும், உங்க அப்பா அம்மாவுக்கும் கோடையில என்ன இருக்கு?"

"செமஸ்டர் ரிசல்ட் இருக்கு சார்!"

யாரும் சிரிக்கலை. (பயிற்சி நிருபர் ஜோக்குக்கு யாரும் சிரிக்க மாட்டாங்கங்கிறது இந்த இன்டர்ன்ஷிப்ல நான் கத்துக்கிட்ட முதல் பாடம்.)

"ஊருக்குத்தானே போறே? பெரியவங்க ஆடுற மாதிரி சிம்பிளா என்னெல்லாம் இருக்குன்னு உங்க வீட்டுலயே ஆடிப் பார்த்துட்டு வந்து எழுது. நெட்ல சுட்டுட்டு வந்தா எனக்குத் தெரிஞ்சிடும்."

அவ்வளவுதான். நைட் டிரெயின் பிடிச்சு திருநெல்வேலி. அங்கேருந்து பஸ் பிடிச்சு அம்பாசமுத்திரம் பக்கத்துல எங்க கிராமம். இறங்கும்போதே மூணு கண்டிஷன் போட்டுக்கிட்டேன். கரன்ட் கூடாது. டிக்கெட் கூடாது. கோச்சிங் கூடாது. நம்ம டீம்: 78 வயசு ஆச்சி, டிவி ரிமோட்டை விட்டுப் பிரியாத அப்பா, சமையக்கட்டை விட்டுப் பிரியாத அம்மா, அப்புறம் மெக்கானிக்கல் தேர்டு இயர் நான். அக்கா பெங்களூர்ல ஐ.டி. கம்பெனியில. அவ ஆப்சென்ட்.

ஒரு வாரம் ஆடினோம். ஜாலியா ஒரு ஆர்ட்டிகிள் தேறும்னுதான் போனேன். தேறுச்சு. கூடவே வேற ஒண்ணும் கிடைச்சது. அதைக் கடைசியில சொல்றேன்.

பதினாலு குழி, ஒரு ஆச்சி

முதல் நாள். பரண் மேல ஏறி பல்லாங்குழிக் கட்டையை எடுத்தேன். ஆச்சி கல்யாணத்துக்கு சீரா வந்தது. மேல ஒரு விரல் தூசி.

"ஏல, இந்த வயசுல எனக்கு என்னல வெளாட்டு?"ன்னாங்க ஆச்சி. சொல்லிக்கிட்டே முந்தானையால கட்டையைத் தொடைச்சாச்சு. புளியங்கொட்டையை எண்ணி வேற எடுத்துட்டு வந்தாச்சு!

தெரியாதவங்களுக்கு ரூல்ஸ். எதிரெதிரா ரெண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி. எங்க வீட்டுக் கணக்குல குழிக்கு அஞ்சு முத்து, மொத்தம் எழுபது. உங்க பக்கத்துல ஏதாவது ஒரு குழியை அள்ளி, குழிக்கு ஒண்ணாப் போட்டுக்கிட்டே சுத்தி வரணும். கையில இருக்கிறது தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளிப் போடணும். அடுத்த குழி காலியா இருந்தா, அதைத் தடவிட்டு அதுக்கு அடுத்த குழியில இருக்கிறது உங்களுக்கு. அதோட உங்க முறை முடிஞ்சது. நடுவுல எந்தக் குழியிலயாவது நாலு முத்து சேர்ந்துட்டா அது 'பசு'. அந்தப் பக்கத்துக்காரங்க எடுத்துக்கலாம். இது எங்க ஊர் ரூல். உங்க ஊர்ல குழிக்கு ஆறுன்னு ஆடுவாங்க, பன்னெண்டுன்னும் ஆடுவாங்க. சண்டைக்கு வராதீங்க.

'இதுல என்ன பெருசா இருக்கு, மாட்ரிக்ஸ் கணக்கு மாதிரிதானே'ன்னு மெதப்பா உட்கார்ந்தேன். முதல் ஆட்டத்துல என் பக்கம் மூணு குழி காலி. ரெண்டாவதுல அஞ்சு. ஆச்சி குழியைப் பார்க்குறாங்க, எண்ணவே இல்லை, கை நேரா சரியான குழிக்குப் போகுது. எந்தக் குழியை எடுத்தா கடைசி முத்து எங்கே விழும்னு அவங்களுக்கு முன்கூட்டியே தெரியுது. நான் விரல் விட்டு எண்ணிக்கிட்டு இருக்கேன்!

ஆப்பிரிக்காவுல மன்கலான்னு ஒரு விளையாட்டுக் குடும்பமே இருக்கு. குழி, விதை, அள்ளிப் போடுறதுன்னு நம்ம பல்லாங்குழிக்கு சொந்தக்காரங்க. அதைச் சொன்னேன். ஆச்சி அசரலை. "அங்கயும் பொம்பளைப் புள்ளையளை வெளிய விட மாட்டாவளோ?"ன்னு கேட்டாங்க.

"ஏன் ஆச்சி?"

"எங்களுக்கு வீட்டுக்குள்ள இருந்து ஆடுறதுக்குத்தானல இதைக் கொடுத்தாவ."

அப்ப அந்த பதிலை நான் பெருசா எடுத்துக்கலை. மூணாவது ஆட்டமும் தோத்துக்கிட்டு இருந்தேன்.

தாயம் விழாத அப்பா

அடுத்த டார்கெட் அப்பா. இது கஷ்டமான கேஸ். ஆபீஸ்லேருந்து வந்தா டிவி, மாத்திரை, தூக்கம். "வெளாட வாங்கப்பா"ன்னா, "போய்ப் படி"ம்பார். லீவுலகூட!

அதனால நான் கூப்பிடவே இல்லை. டிவிக்கு நேர் கீழே சாக்பீஸால தாயக் கட்டம் வரைஞ்சேன். வேணும்னே கோணலா. அஞ்சு நிமிஷம் பொறுத்துப் பார்த்தார். "மலையை எங்கலே போட்டிருக்க?"ன்னு இறங்கிட்டார் தலைவர்!

ஆளுக்கு வேணுமே. எதிர் வீட்டு மாமாவைக் கூப்பிட்டேன். அவருக்கும் அப்பாவுக்கும் வாய்க்கால் தகராறு ஒண்ணு. ரெண்டு வருஷமா 'நல்லாருக்கீயளா' தாண்டி ஒரு வார்த்தை கிடையாது. வந்தவர் கட்டத்தோட அந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

பித்தளைத் தாயக்கட்டை ரெண்டு. ஒவ்வொண்ணுலயும் நாலு முகம். ஒரு முகம் வெறுமை, மத்ததுல 1, 2, 3 புள்ளி. ரெண்டையும் உள்ளங்கையில உருட்டி விடணும். ஒண்ணுல வெறுமையும் இன்னொண்ணுல 1-ம் விழுந்தா தாயம். ரெண்டும் வெறுமைன்னா 12. தாயம் விழுந்தாத்தான் காயை இறக்க முடியும். 1, 5, 6, 12 விழுந்தா இன்னொரு தடவை உருட்டலாம். எதிராளி காய் இருக்கிற கட்டத்துல நம்ம காய் போய் உட்கார்ந்தா வெட்டு. மலையில இருந்தா வெட்ட முடியாது. சுத்தி முடிச்சு உள்ளே போயிட்டா பழம்.

அப்பாவுக்குத் தாயம் விழவே இல்லை. எட்டு, ஒன்பது, பத்து தடவை ஆச்சு. "கட்டையில ஏதோ கோளாறு"ன்னார். இங்கேதான் நம்ம இன்ஜினீயரிங் மூளை வேலை செஞ்சது. நாலுக்கு நாலு, மொத்தம் 16 விதமா கட்டை விழலாம். அதுல தாயம் ரெண்டு விதம்தான். அதாவது எட்டுல ஒரு பங்கு. பத்து தடவை உருட்டியும் தாயம் விழாம இருக்க வாய்ப்பு 26 சதவிகிதம். நாலு பேர்ல ஒருத்தருக்கு இந்த கதி வரத்தான் செய்யும்! அதிகமா விழுறது 3. பதினாறுல நாலு. 12-ம் 6-ம் பதினாறுல ஒண்ணுதான்.

இதையெல்லாம் நான் விளக்கிக்கிட்டு இருக்கும்போது மாமா அப்பாவோட காயை வெட்டிட்டார். அப்பா ஆரம்பிச்சார் பாருங்க ஒரு சண்டை! "அது மலை வே!", "எங்க வே மலை, கோட்டைப் பாரும்!" ரெண்டு வருஷத்துல ரெண்டு பேரும் இவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை. ராத்திரி பத்து மணிக்கு மாமி வந்து கூப்பிட்டப்பதான் ஆட்டம் கலைஞ்சது. வாய்க்கால் விஷயம் இன்னும் தீரலை. ஆனா மறுநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு மாமா தானா வந்து உட்கார்ந்துட்டார்.

அந்த ரெண்டு நாளும் அம்மா என்ன பண்ணினாங்க? காபி போட்டுக் கொடுத்தாங்க. நிலையில சாய்ஞ்சு நின்னு கொஞ்ச நேரம் பார்த்தாங்க. "நீயும் வாம்மா"ன்னு நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். "அடுப்புல பால் இருக்கு"ன்னு போயிட்டாங்க.

நுங்கு வண்டி ராலி

மூணாவது நாள் தெருவுக்கு இறங்கினேன். பனை நம்ம மாநில மரம். மே மாசம் நுங்கு சீசன். நுங்கு விக்கிறவர்கிட்ட தின்னு முடிச்ச கூந்தல் ரெண்டு கேட்டு வாங்கினேன். (அதுக்காக ஆறு நுங்கு தின்ன வேண்டியதாப் போச்சு. கடமை!)

செய்முறை ரொம்ப ஈஸி. ரெண்டு கூந்தலையும் சக்கரமா வெச்சு, நடுவுல ஒரு குச்சியைக் குத்தி இணைக்கணும். அதான் அச்சு. நீளமா ஒரு கவட்டைக் கம்பு எடுத்து, கவட்டை அச்சு மேல உட்காருற மாதிரி வெச்சுத் தள்ளணும். பெட்ரோல் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், எஃப்.சி. காட்ட வேண்டாம்.

மூணு வருஷமா மெஷின் டிசைன் படிக்கிறவன். அச்சுக்கு ரொம்ப மெல்லிசான குச்சியை எடுத்துட்டேன். தெருமுனையில திரும்பும்போது படக்! இடது சக்கரம் தனியா உருண்டு பெட்டிக்கடைக்குள்ள போயிடுச்சு. அஞ்சாவது படிக்கிற ஒருத்தன் பார்த்துட்டு, "அண்ணே, வேப்பங்குச்சி எடுக்கணும்ணே"ன்னான். அவன் பேச்சைக் கேட்டு ரெண்டாவது வண்டி செஞ்சேன். ஓடுச்சு. ரேஸ் வெச்சோம். நாலு பேர்ல நான் நாலாவது.

பெட்டிக்கடைக்காரர், பால்காரர், டியூஷன் விட்டுப் போற பசங்கன்னு தெருவே பார்த்து சிரிச்சது. முதல் பத்து நிமிஷம் கூச்சமா இருந்தது. அப்புறம் எதுவும் தோணலை. அன்னைக்கு சாயங்காலம் மொபைல் எங்கே இருந்ததுன்னே எனக்கு ஞாபகம் இல்லை. இருபது வயசுல ஒருத்தன் கம்பை வெச்சு நுங்கு வண்டி தள்ளிக்கிட்டு ஓடுறதைப் பார்த்து யாரும் ஒரு வார்த்தை திட்டலை. "பய வெளாடுறான்"னு சிரிச்சுட்டுப் போயிட்டாங்க. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

வெயில் பாஸ்... வெயில்!

ஜாலி மூடுல மண்டையைக் காய விட்டுடாதீங்க. சில விஷயங்கள்:

* பகல் 12 மணிலேருந்து 3 மணி வரைக்கும் பல்லாங்குழி, தாயம், அஞ்சாங்கல்லுன்னு நிழல் ஆட்டம் மட்டும். ஓடுற ஆட்டமெல்லாம் காலையில எட்டு மணிக்கு முன்னாடி, இல்லேன்னா சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல.

* தாகம் எடுக்கிறதுக்கு முன்னாடியே தண்ணி குடிங்க. பானைத் தண்ணியும் நீர்மோரும் பக்கத்துலயே இருக்கட்டும். தலை சுத்தினா, வாந்தி வர்ற மாதிரி இருந்தா உடனே நிழலுக்கு வந்துடணும். நினைவு தடுமாறினா ஆஸ்பத்திரிதான்.

* முட்டி வலி, ஹார்ட் பிரச்னை இருக்கிறவங்க குதிக்கிற ஆட்டத்துக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

* பட்டம் விடலாம், தாராளமா. சாதாரண நூல்ல. கண்ணாடித்தூள் தடவின மாஞ்சா வேண்டவே வேண்டாம். பைக்ல போறவங்க கழுத்தையும் பறவைகள் சிறகையும் அறுக்கிற நூல் அது. நைலான், சிந்தெடிக் மாஞ்சாவுக்கு 2017-லயே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை போட்டிருக்கு.

* ஆத்துல குளிக்கப் போனா தனியாப் போகாதீங்க. தெரியாத துறையில இறங்காதீங்க. எங்க தாமிரபரணி பார்க்க சாதுவா இருக்கும், இழுப்பு உள்ளே இருக்கும்.

* செலவே இல்லாத விளையாட்டு ஒண்ணு. வருஷத்துக்கு ரெண்டு நாள் சூரியன் நம்ம தலைக்கு நேர் மேல வரும். அன்னைக்கு உச்சி நேரத்துல நேரா நிறுத்தின பாட்டிலுக்கு நிழலே விழாது. திருநெல்வேலியில ஏப்ரல் 12-ஐ ஒட்டி, சென்னையில ஏப்ரல் 24-ஐ ஒட்டி. இந்த வருஷம் கோட்டை விட்டவங்களுக்கு இன்னொரு சான்ஸ் ஆகஸ்ட்ல. சென்னையில 18-ஐ ஒட்டி, எங்க பக்கம் மாசக் கடைசியில. பன்னெண்டு மணியிலேருந்து பன்னெண்டரை வரைக்கும் வாசல்ல நின்னு பாருங்க. சூரியனை நிமிர்ந்து பார்க்காதீங்க, தரையை மட்டும்!

மொட்டை மாடியும் ஒரு மஞ்ச நட்சத்திரமும்

நாலாவது நாள் ராத்திரி கரன்ட் போச்சு. வாழ்க்கையில முதல் தடவையா அதுக்கு சந்தோஷப்பட்டேன். சாயங்காலமே மாடியில நாலு வாளி தண்ணி ஊத்தி வெச்சிருந்தேன். பகல் முழுக்க வெயிலைக் குடிச்ச தளம் ராத்திரி அந்தச் சூட்டைக் கக்கும். தண்ணி ஆவியாகும்போது அந்தச் சூட்டையும் எடுத்துட்டுப் போயிடும். பாயை விரிச்சு எல்லாரும் மேல வந்துட்டோம். அம்மாவும்தான். இருட்டுல சமையக்கட்டுல என்ன வேலை?

விளையாட்டு இதுதான்: வானத்துல வழி கண்டுபிடிக்கணும். மே மாசம் ராத்திரி ஒன்பது மணிக்கு வடக்கே பார்த்தா ஏழு நட்சத்திரம் அகப்பை மாதிரி தெரியும். சப்தரிஷி. அகப்பைக் காம்புல நுனியிலேருந்து ரெண்டாவது வசிஷ்டர். அவர் பக்கத்துல மங்கலா ஒட்டிக்கிட்டு இருக்கிறது அருந்ததி. கல்யாணத்துல பகல்ல காட்டுவாங்களே, அதே அருந்ததி! "நமக்குக் காட்டும்போது ஒண்ணும் தெரியலியே"ன்னார் அப்பா. "பகல்ல எப்படித் தெரியும்?"னாங்க அம்மா. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சு ரெண்டு பேரும் அருந்ததி பார்த்தாங்க.

காம்பு வளையுது இல்லையா, அந்த வளைவையே பிடிச்சு அப்படியே கிழக்கே போனா மஞ்சளும் செம்மையுமா பளிச்சுனு ஒரு நட்சத்திரம். அதான் சுவாதி. அதே வளைவுல இன்னும் தெற்கே வந்தா வெள்ளையா சித்திரை. நேர் தெற்கே, அடிவானத்துக்குக் கொஞ்சம் மேல, சிலுவை மாதிரி நாலு நட்சத்திரம். திரிசங்குன்னு சொல்வாங்க. தென்கிழக்குல விருச்சிகம் எழும்பி வந்துக்கிட்டு இருந்தது.

"எது சுவாதி?"ன்னாங்க அம்மா, எழுந்து உட்கார்ந்து.

அம்மா நட்சத்திரம் சுவாதி. நாப்பத்தொன்பது வருஷமா கோயில் அர்ச்சனைக்கு அந்தப் பேரைச் சொல்லியிருக்காங்க. ஆளை நேர்ல பார்த்தது அன்னைக்குத்தான். ரொம்ப நேரம் பார்த்தாங்க.

நான் சும்மா இருக்காம என் பொது அறிவைக் கொட்டினேன். "அது சுமார் 37 ஒளியாண்டு தூரத்துல இருக்கும்மா. இப்ப நீ பார்க்குற வெளிச்சம் 37 வருஷத்துக்கு முன்னாடி அங்கேருந்து கிளம்பினது. அப்ப உனக்கு என்ன, பன்னெண்டு வயசு இருக்குமா?"

அம்மா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சாதாரணமா சொன்னாங்க. "பன்னெண்டு வயசுலதான் நான் கடைசியா பாண்டி ஆடினேன்."

எங்க தெருவுல இல்லை, அம்மா பிறந்த ஊர்ல. அந்தத் தெருவுல அம்மாதான் பாண்டி சாம்பியனாம். ஏரோப்ளேன் பாண்டியில அவங்களை யாரும் ஜெயிச்சதில்லையாம். அப்புறம் வயசுக்கு வந்தாங்க. சடங்கு வெச்சாங்க. பதினாறு நாள் கழிச்சு வாசலுக்கு வந்தா, கூட்டாளிப் பிள்ளைங்க ஆடிக்கிட்டு இருக்காங்க.

"வீட்டுல திட்டுனாங்களாம்மா?"

"திட்டல்லாம் இல்லல. கூப்பிடுறதை நிறுத்திட்டாவ. அம்புட்டுதான். நாமளும் கேட்க மாட்டோம்லா."

ஆச்சி பாயில படுத்திருந்தாங்க. தூங்கலைன்னு தெரியும். ஒண்ணும் சொல்லலை.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. வேற ஒரு வாசப்படி ஞாபகம் வந்துக்கிட்டே இருந்தது. எனக்கு எட்டு வயசு. தெருவுல கிரிக்கெட். பந்து எங்க வீட்டுக்குள்ள போகும். நிலைப்படியில நிக்கிற அக்கா எடுத்துத் திருப்பி எறிவா. ஸ்டம்புக்கு நேரா வரும், எங்க டீம்ல எவனுக்கும் அந்த த்ரோ வராது. அதுக்கு முந்தின லீவு வரைக்கும் அவளும் எங்ககூட ஆடினவதான். ஆச்சி உள்ளேருந்து, "ஏட்டி, உள்ள வா"ன்னு ஒரு குரல் கொடுப்பாங்க. அவ்வளவுதான். நாங்களும் 'அக்கா ஏன் வரலை'ன்னு கேட்கலை. பந்து வந்துச்சுல்ல, ஆட்டத்தைப் பார்த்தோம். நான் கேட்டிருக்கலாம். கேட்கலை.

நுங்கு வண்டி ஓட்டின என்னைப் பார்த்துத் தெருவே சிரிச்சதே, அப்ப எனக்கு உரைக்கலை. அந்தச் சிரிப்பு எனக்கு ஃப்ரீயாக் கிடைச்சது. அக்காவுக்குப் பதிமூணு வயசுலயே கிடைக்கலை.

ரைட்டா?

மறுநாள் சாயங்காலம் அஞ்சரை மணி. மாடியைப் பெருக்கி, சாக்பீஸ் எடுத்து, எட்டுக் கட்டம் வரைஞ்சேன். கீழே போய் அடுப்படியில நின்னு கேட்டேன்.

"ஆட்டைக்கு வாறியாம்மா?"

"போல, வேலை கெடக்கு."

"நான் தோசை ஊத்துறேன்."

"நீ ஊத்துன தோசையை யாரு திங்க?"

பத்து நிமிஷம் கெஞ்சல். மாடின்னா யாருக்கும் தெரியாதுங்கிற கண்டிஷன்ல வந்தாங்க. நான் போட்ட கட்டத்தைப் பார்த்துட்டு, "இது என்ன, ஆள் நிக்க முடியுமா இதுல?"ன்னு அழிச்சுட்டு அவங்களே வரைஞ்சாங்க. பழைய ஓட்டுத்துண்டு ஒண்ணை எடுத்துத் தரையில தேய்ச்சுத் தேய்ச்சு வட்டமாக்கினாங்க. ஓட்டாஞ்சில்லு ரெடி.

ரூல்ஸ் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். சில்லை முதல் கட்டத்துல எறிஞ்சு, நொண்டியடிச்சுப் போய், காலாலயே சில்லை எத்தி வெளியே கொண்டு வரணும். சில்லும் காலும் கோட்டுல படக்கூடாது. அப்புறம் ரெண்டாவது கட்டம், மூணாவதுன்னு எட்டு வரைக்கும். அதுக்கு மேல சில்லை நெத்தியில வெச்சு, முகத்தை வானத்துக்குத் தூக்கிக்கிட்டு, கண்ணை மூடி ஒவ்வொரு கட்டமா நடக்கணும். ஒவ்வொரு காலடிக்கும் "ரைட்டா?"ன்னு கேட்கணும். கோட்டுல படலேன்னா பார்க்கிறவங்க "ரைட்டு" சொல்லணும். முடிச்சா, திரும்பி நின்னு தலைக்குப் பின்னால சில்லை எறியணும். அது விழுற கட்டம் உங்களுக்குப் பழம்.

இந்தச் சில்லு சாதாரண ஆள் இல்லை மக்களே. 2019-ல தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட கீழடி அறிக்கையில, சங்ககாலத்து அந்த ஊர்ல கிடைச்ச பொருட்கள்ல பகடைக்காய், ஆட்டக்காய்களோட, பானை ஓட்டைத் தேய்ச்சு செஞ்ச வட்டச் சில்லுகளும் இருக்கு. ரெண்டாயிரம் வருஷத்துக்கும் மேல நம்ம ஆளுங்க ஓட்டைத் தேய்ச்சு ஆடியிருக்காங்க. கீழடி மியூசியம் 2023-ல திறந்துட்டாங்க. கோடை லீவுல ஒரு நாள் போயிட்டு வாங்க.

நான் மூணாவது கட்டத்துல அவுட். அம்மா புடவையை இழுத்துச் சொருகிக்கிட்டு ஆரம்பிச்சாங்க. முதல் ரெண்டு கட்டம் தடுமாற்றம். மூச்சு வாங்குச்சு. "முடியலல"ன்னு இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். தண்ணி குடிச்சுட்டுத் திரும்ப வந்தாங்க. அப்புறம் எனக்குத் தெரிஞ்ச அம்மா காணாமப் போயிட்டாங்க. அந்தச் சில்லு அவங்க சொன்ன இடத்துல போய் நிக்குது!

சத்தம் கேட்டு ஆச்சி படியேறி வந்து, மேல் படியில உட்கார்ந்தாங்க. எனக்குப் பக்னு ஆச்சு. அம்மா சொருகின புடவையை எடுத்து விடப் போனாங்க. ஆச்சி ஒண்ணும் சொல்லலை. கட்டத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அம்மா ஒரு நிமிஷம் நின்னுட்டு, சில்லை எடுத்து நெத்தியில வெச்சாங்க. கண்ணை மூடினாங்க. ஒரு கால் எடுத்து வெச்சாங்க.

"ரைட்டா?"

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள படியிலேருந்து சத்தம் வந்தது. "ரைட்டு!"

ஆச்சிதான். எட்டுக் கட்டத்துக்கும் அவங்களே சொன்னாங்க.

அடுத்த நாள் எதிர் வீட்டு மாமி வந்தாங்க. அதுக்கு அடுத்த நாள் இன்னும் ரெண்டு பேர். எல்லாருக்கும் நாப்பதுக்கு மேல. எல்லாருக்கும் பாண்டி தெரிஞ்சிருந்தது. யாருக்கும் கால் மறக்கலை. இன்னும் மாடியிலதான் ஆடுறாங்க, தெருவுக்கு இறங்கலை. "தெருவுலயா? சீ!"ன்னாங்க அம்மா. நான் பெருசா எதையோ மாத்திட்டேன்னு பில்டப் கொடுக்க இதை எழுதலை.

எடிட்டர் சார் கேட்ட கேள்விக்கு என் பதில் சின்னதுதான். பெரியவங்க விளையாடுறதுக்கு கிட்டு வேண்டாம், கேம்ப் வேண்டாம், டைம்கூட எப்படியாவது கிடைச்சிடும். அவங்களை யாராவது கூப்பிடணும். ஒரு தடவை 'வேலை கெடக்கு'ம்பாங்க. ரெண்டாவது தடவையும் கூப்பிடணும். இந்த லீவுல நீங்க ஹாஸ்டல்லேருந்து வீட்டுக்குப் போனதும், ஒரு சாக்பீஸை எடுத்துட்டுப் போய்க் கேட்டுப் பாருங்க.

கிளம்புறதுக்கு முந்தின நாள் அக்காவுக்கு வீடியோ கால் போட்டு, மாடியில அம்மா ஆடுறதைக் காட்டினேன். ஹெட்செட்டோட ஆபீஸ் கேன்டீன்ல உட்கார்ந்திருந்தா. ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தா. அவளையும் கேட்டேன். பன்னெண்டு வருஷம் லேட்டாத்தான்.

"ஆட்டைக்கு வாறியாக்கா?"

"சனிக்கிழமை காலையில வந்துருவேன். அதுவரைக்கும் கட்டத்தை அழிச்சிராதீங்க"ன்னா.